கன்று நடாத ஞாயிற்றுக்கிழமைகள்: சேலத்து ஏரியோரப் புல்தரையில் தன்னார்வலர்கள் என்ன செய்கிறார்கள்?

ஏரி வேலைக்கு முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இன்னைக்கு எத்தனை கன்னுங்க நடறோம்?" சிலர் கையோடு ஒரு வேப்பங்கன்றோ புங்கங்கன்றோ கொண்டுவந்திருப்பார்கள். "இன்னைக்கு நடவு இல்லைங்க, பிடுங்கறதுதான்" என்று சொன்னதும் முகம் கொஞ்சம் வாடிப்போகும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தவர்களிடம் பிடுங்கு, வெட்டு, சும ​என்று சொன்னால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை ஏரிக்கரையில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் விளக்க முடிவதில்லை. அதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

கோடை தொடங்கும் நேரத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரிக்கோ, உங்கள் ஊர் ஏரிக்கோ போங்கள். தண்ணீரைப் பார்க்க வேண்டாம், தண்ணீர் விலகிப்போன இடத்தைப் பாருங்கள். மேலே கரை இருக்கும். அதற்குக் கீழே வெடித்துக் காய்ந்த மண். அதற்கும் கீழே, தண்ணீர் தொடங்குவதற்கு முன்னால், பச்சையாக ஒரு பட்டை ஓடும். காலை வைத்தால் அமுங்கும், செருப்பைச் சுற்றி நீர் கசியும். வெளிநாடுகளில் இந்த மாதிரி நிலத்தையே தனியாக வேலி போட்டு, இயற்கைக் காப்பிடம் என்று பெயர் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நம்மிடம் அது ஏரியின் ஓரம், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் அதை ஈரப் புல்தரை என்று அழைத்துக்கொள்வோம்.

குனிந்து பார்த்தால்தான் அது வெறும் புல் இல்லை என்று தெரியும். நான்கு இலை சேர்ந்து சின்னக் குடை போல நிற்பது ஆரைக்கீரை. மாலையானால் நான்கு இலைகளையும் மேல்நோக்கிக் கூப்பிக்கொள்ளும். கீரை என்று பெயர் இருந்தாலும் அது பெரணி இனம், பூப்பதே இல்லை. பக்கத்திலேயே தரையோடு படர்ந்திருப்பது பொடுதலை. அதன் சின்னக் கதிரைச் சுற்றி வெளிர் ஊதாவாகப் பொட்டுப் பொட்டாகப் பூ வைத்திருக்கும். சேற்றில் கொழுத்த இலையோடு நீர்ப்பிரம்மி. வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, கொட்டைக்கரந்தை, முள்ளோடு நீர்முள்ளி. நாட்டு மருந்துக் கடைக்காரர் பொட்டலம் மடித்துத் தருகிற பாதிப் பேர் இந்த இருபதடிப் பட்டையில் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று, சாக்கடை கலக்கிற ஏரி ஓரத்தில் பறித்த கீரையைச் சமைக்காதீர்கள். செடி நல்லதுதான், அது குடிக்கிற தண்ணீர் நல்லதில்லை.

இந்தச் செடிகள் எல்லாம் ஒரே நிபந்தனையில் வாழ்கின்றன. தண்ணீர் ஏறி மூட வேண்டும், அப்புறம் இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த இடம் முழங்கால் ஆழத்துக்கு மூழ்கிக் கிடக்கும். மரக்கன்றின் வேருக்கு அப்போது காற்று கிடைக்காது, அழுகிவிடும். மாசி, பங்குனியில் தண்ணீர் விலகிவிடும். அல்லியும் தாமரையும் அப்போது நிற்க முடியாது. மரத்துக்கு ஈரம் அதிகம், தாமரைக்கு ஈரம் போதாது என்கிற அந்த இடைவெளியில்தான் இந்தக் குட்டைச் செடிகளுக்கு வாழ்வு. தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டால் இந்தப் பட்டை காணாமல் போய்விடும்.

பறவைகளை வைத்தும் இதைப் புரிந்துகொள்ளலாம். அவற்றின் காலைப் பாருங்கள். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். விரல் கணு ஆழத்துக்கு மேல் தண்ணீர் போனால் அதற்கு இரை எடுக்க முடியாது. பொறி உள்ளானுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் பரவாயில்லை. ஒரு சாண் நீளச் சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான் இன்னும் உள்ளே போகும். நத்தைக்குத்தி நாரை அதற்கும் அப்பால். மெல்லச் சரிந்து இறங்குகிற ஓரம் இருந்தால் இவை எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் நின்று சாப்பிடும். கிண்ணம் மாதிரிச் செங்குத்தாகத் தோண்டிய ஏரியில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டுமே மிஞ்சும்.

குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கு வருகிற கோரை உள்ளானும் மஞ்சள் வாலாட்டியும் கோடையில் முட்டையிடுவது ஐரோப்பா, வட ஆசியாவின் ஈரப் புல்வெளிகளிலும் சதுப்புகளிலும்தான். அங்கே ஒரு கூட்டம் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்தப் புல்வெளியைப் பார்த்துக்கொள்கிறது. இங்கே நாமும் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்குகிறோம். இரண்டு பேரும் பார்த்துக்கொள்வது ஒரே பறவையை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அங்கே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது நமக்குப் பாடமாக இருக்கும். இங்கிலாந்தில் கிரிக்லேட் என்ற சிற்றூருக்கு வெளியே நார்த் மெடோ என்று ஓர் ஆற்றோரப் புல்வெளி இருக்கிறது. தேசிய இயற்கைக் காப்பிடம். குளிர்காலத்தில் வெள்ளம் அதை மூடும். வசந்தத்தில் ஒருவகை ஊதாப் பூ லட்சக்கணக்கில் பூக்கும். அந்தப் பூக்களை எண்ணுவதற்கே தன்னார்வலர்கள் போகிறார்கள். பூ விதையாகி உதிர்ந்த பிறகு, ஜூலையில்தான் புல்லை அறுப்பார்கள். அறுத்த புல்லை அங்கேயே விடாமல் வைக்கோலாக்கி வெளியே ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு ஊர் மாடுகளை மேய விடுவார்கள். நூற்றாண்டுக் கணக்காக நடக்கிற வழக்கம் இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களில் இருந்த பூப்புல்வெளிகளில் 97 சதவீதம் அடுத்த அரை நூற்றாண்டில் அழிந்துபோயின. உழுதார்கள், உரம் போட்டார்கள், வடிகால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றினார்கள். அந்த நாட்டில் இன்று பெரிதாக வளர்ந்திருக்கிற இயற்கைப் பாதுகாப்புத் தன்னார்வ இயக்கம் 1959ல் பாக்ஸ் ஹில் என்ற குன்றில் தொடங்கியபோது அதன் முதல் வேலையே புல்வெளியை மூடிக்கொண்டிருந்த புதரை வெட்டியதுதான்.

ஏன் வெட்ட வேண்டும், ஏன் வெளியே ஏற்ற வேண்டும்? விஷயம் சத்தில் இருக்கிறது. மண்ணிலும் நீரிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்துவிட்டால் வேகமாக வளரக்கூடிய நான்கைந்து செடிகள் மட்டும் ஆளுயரம் எழுந்து மற்றவற்றின் வெயிலை மறைத்துவிடும். குட்டைச் செடிகள் சாகும். வயலில் உரம் போட்டால் களையும் சேர்ந்து தழைக்கிறது இல்லையா, அதே கதை. வளர்ந்த செடியை அறுத்து வெளியே கொண்டுபோனால் அது உறிஞ்சிய சத்தும் அதோடு வெளியே போகிறது. அங்கேயே போட்டுவிட்டால் அழுகி, அதே சத்து அதே இடத்தில் இறங்குகிறது. அறுப்பது பாதி வேலை. சுமந்து வெளியேற்றுவது மீதிப் பாதி. வருகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பாதிதான் பிடிப்பதில்லை, முதுகு ஒடிகிற வேலை என்பதால்.

இதெல்லாம் குளிர் நாட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் காப்பகத்தை 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாக்கினார்கள். 1982ல் எருமை மேய்ச்சலுக்குத் தடை வந்தது. தலைமுறை தலைமுறையாக மேய்த்தவர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. மேய்ச்சல் நின்றதும் பறவைகள் பெருகும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. பாஸ்பாலம் என்ற நீர்ப்புல்லை அதுவரை எருமைகள் கடித்துக் கட்டுக்குள் வைத்திருந்தன. அவை போனதும் அந்தப் புல் ஆழமில்லாத நீர்ப்பரப்பை எல்லாம் பாய் விரித்தாற்போல் மூடிவிட்டது. பறவைகளுக்குத் திறந்த தண்ணீர் குறைந்துபோனது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்தாண்டு ஆராய்ந்து, அந்த ஈரநிலத்துக்கு எருமை தேவைப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. புத்தகத்தில் படித்ததைவிட அந்த எருமைக்காரர்களுக்கு நிலம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஏரிக்குள் மாடு மேய்க்கிற ஒரு பெரியவரை நம் தன்னார்வலர்கள் விரட்டப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பரத்பூர்தான் ஞாபகம் வரும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். சேலம் நகரம் சேர்வராயன் மலையின் காலடியில் கிடக்கிறது. மலையில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி, கன்னங்குறிச்சி புது ஏரியை நிரப்பி, அது நிரம்பி வழிந்து கோடி விழுந்தால் மூக்கனேரிக்கு வருகிறது. இப்படி ஓர் ஏரி நிரம்பி அடுத்ததுக்கு விடுகிற சங்கிலியாகத்தான் முன்னோர் அமைத்தார்கள். மலையிலிருந்து வருகிற திருமணிமுத்தாறும் நகரத்தை ஊடறுத்துக்கொண்டு போகிறது. மேலே இருந்து வரும்போது நீர் தெளிவு. ஊருக்குள் நுழைந்த பிறகு வீட்டுக் கழிவு, சாயப்பட்டறைக் கழிவு எல்லாம் சேர்கிறது. துணி துவைக்கிற சோப்புத்தூள் தண்ணீரும் மலக்கழிவும் ஏரிக்குக் கொண்டுவருவது, முன்னே சொன்ன அதே தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். யாரும் உரமூட்டையைக் கொட்டவில்லை, ஆனாலும் ஏரிக்குத் தினமும் உரம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் ஆகாயத்தாமரை.

ஆகாயத்தாமரைக்கு வசதியான இடம் கிடைத்துவிட்டால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஒரு செடியை இழுத்தால் தண்டால் கோத்த மாதிரி நான்கைந்து சேர்ந்து வரும். கறுத்த இறகு போன்ற வேரில் தண்ணீர் சொட்டும். அந்த வேரைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். சின்ன நத்தை, கூனி இறால், தட்டானின் புழு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாய் மீன்குஞ்சு எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பிடுங்கியதை உடனே டிராக்டரில் ஏற்றுவதில்லை. தண்ணீர் ஓரத்திலேயே ஓர் இரவு குவித்து வைப்போம். உயிர் உள்ளவை ஊர்ந்து திரும்பிப் போய்விடும். மறுநாள் கட்டாயம் அப்புறப்படுத்திவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் கிடந்தால் அழுகல் நீர் ஏரிக்குள் வடிய ஆரம்பித்துவிடும், நாம் பட்ட பாடு வீண். செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், ஓர் இரவு வடிந்தபின் சுமப்பதும் கொஞ்சம் எளிது. சாணியோடு குழியில் போட்டு மக்க வைக்கலாம். பட்டறைக் கழிவு கலக்கிற ஏரி என்றால் அந்த உரத்தைக் காய்கறிக்குப் போடாமல் சாலையோர மரங்களுக்குப் போடுவதே நல்லது. உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்கிற குணம் இந்தச் செடிக்கு உண்டு.

அப்புறம் நெய்வேலி காட்டாமணக்கு. ரோஸ் நிறத்தில் புனல் போன்ற பூ, ஒடித்தால் பால் வரும், ஆடுமாடு தொடாது. இதை வெட்டுகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, வெட்டிய தண்டைக் கரையில் வீசுவது. ஈரம் பட்ட ஒவ்வொரு கணுவும் வேர் விடும். ஒரு புதரை வெட்டி ஐம்பது புதர் நட்டமாதிரி ஆகும். வேரோடு தோண்டி, தார்ப்பாயில் வெயிலில் போட்டு முழுதாகக் காய வைத்தால்தான் முடிவு. சீமைக்கருவேலமும் இப்படித்தான். தரைமட்டத்தில் வெட்டினால் மழை பட்டதும் அடியிலிருந்து பத்துக் கிளை கிளம்பும். ஓர் அடி ஆழம் தோண்டி வேர்க்கட்டையை எடுக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் சேலம் நகரக் குடிநீருக்காகக் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரிக்குள் இந்த மரம் காடாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு, ஓர் ஏரி எவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவுக்குப் போனபின் அது தன்னார்வலர் வேலையும் இல்லை, பொக்லைன் வேலை.

சேற்றில் ஆளுயரம் வளர்கிற சம்புக் கோரைக்கு வேறு வழி. அது நம் நாட்டுச் செடிதான், நீலத் தாழைக்கோழிக்கு வீடும் அதுதான், முழுக்க ஒழிக்கக் கூடாது. அளவு மீறினால் மட்டும் கை வைக்கிறோம். மழைக்கு முன், புரட்டாசி வாக்கில், அடியோடு ஒட்ட அறுத்துவிட்டால் போதும். உயர்ந்து வருகிற தண்ணீர் வெட்டுத்தண்டின் வாயை மூடிவிடும். சேற்றுக்குள் இருக்கிற கிழங்குக்குக் காற்று போவது அந்தத் தண்டு வழியாகத்தான். வாய் மூடினால் மூச்சு முட்டிச் சாகும். மருந்து வேண்டாம், எந்திரம் வேண்டாம், ஒரு கதிர் அரிவாளும் நாள் பார்த்து அறுக்கிற நிதானமும் போதும். பாதியை இந்த வருடம், மீதியை அடுத்த வருடம் என்று திட்டுத் திட்டாக அறுப்போம். ஒரே மூச்சில் மொட்டையடித்தால் அதற்குள் இருக்கிற பறவையும் தவளையும் எங்கே போகும்?

மூக்கனேரியின் கதையைச் சொல்லாமல் சேலத்து ஏரி வேலையைப் பற்றி எழுத முடியாது. சுமார் 58 ஏக்கர் ஏரி. 2010ல் பியூஷ் மனுஷ் உள்ளிட்டவர்களின் சேலம் மக்கள் குழு அதைச் சீர்செய்ய எடுத்துக்கொண்டது. அவர்கள் செய்ததில் முக்கியமானது, தூர்வாரிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே அனுப்பாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்தது. மண் கரையாமல் இருக்க வெட்டிவேர் வைத்தார்கள், மரங்களும் வைத்தார்கள். மழை வந்து ஏரி நிறைந்ததும் அவை தீவுகளாகிவிட்டன, பறவைகள் குடியேறின. நாய் போக முடியாத, ஆள் கால் படாத இடம் பறவைக்குக் கிடைப்பது நகரத்துக்குள் லேசான காரியம் இல்லை. ஈரப் புல்தரையின் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு தீவுக்கும் ஓர் ஓரம் உண்டு. ஏரியின் மொத்த ஓரநீளம் நன்றாகக் கூடிவிட்டது. அந்த ஓரம் சரிவாக இருக்கும் இடத்தில் எல்லாம் புல்லும் உள்ளானும் வரும்.

அதற்குப் பிறகு பல ஊர்களில் ஏரி சீரமைப்பு என்றாலே ஆழத் தோண்டுவது, கரையில் கல் பதிப்பது, நடைபாதை போடுவது என்று ஆகிவிட்டது. காலையில் நடக்க வசதியாக இருக்கும், மறுக்கவில்லை. கல் பதித்த கரையில் ஆரைக்கீரை முளைக்காது. ஏரியைச் சுற்றி நான்கு பக்கமும் கல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தண்ணீர் வந்து சேர்கிற பக்கத்தை, அதாவது கரைக்கு எதிர்ப்பக்கத்தை, இயல்பான சரிவோடு விட்டுவிட்டால் போதும். தன்னார்வலர்கள் அதிகாரிகளிடம் மனு கொடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம். கன்று கேட்டால் கிடைக்கும், குப்பைத்தொட்டி கேட்டால் கிடைக்கும். சரிவைக் கேட்பவர்கள் குறைவு.

நடவு விஷயத்தில் நானும் தவறியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நகரை ஒட்டிய ஓர் ஏரியில் வைகாசி மாதம் நானும் நண்பர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டோம். ஏரி பாதி காய்ந்து கிடந்தது. வண்டல் மண், ஈரம் இருந்தது, இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தோம். முள்வேலி கட்டி, ஆவணி வரை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது வேலிக்குச்சிகளின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தை மாதம் தண்ணீர் இறங்கிய பின் அங்கே பட்ட குச்சிகள்தான் இருந்தன. அதோடு, குழி தோண்டிய இடத்தில் எல்லாம் முன்பு இருந்த பொடுதலைப் படுகை போய்ப் பார்த்தீனியம் முளைத்திருந்தது. மண்ணைக் கிளறினால் முதலில் வருவது அதுதான்.

ஏரிக்குள் மரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. நாட்டுக் கருவேலம் சில மாதம் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். தமிழ்நாட்டின் பல ஏரிகளில் கொக்கும் நாரையும் கூடு கட்டுவது அந்த மரங்களில்தான். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில், அதாவது தண்ணீர் பரவி நிற்கிற உட்பகுதிகளில், அவற்றை நிறைய வைத்தார்கள். அவற்றுக்கு இடம் உண்டு, ஆலுக்கும் அரசுக்கும் நீர்மருதுக்கும் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இடம் உண்டு. புல்தரை காலி இடம் என்ற நினைப்புத்தான் தப்பு.

மலைமேலும் இதே நினைப்பு உண்டு. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து சரிவுகள் தோட்டங்களாகின, நிழலுக்கு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் மரம் வந்தது. காபிச் சரிவுகள் சேரும் பள்ளத்தில், ஊற்று கசிகிற இடத்தில், கோரையும் புல்லும் நிறைந்த சின்னச் சின்னச் சதுப்புகள் இருக்கும். ஒரு வீட்டு மனை அளவுகூட இருக்காது. பெய்த மழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுகிறவை அவை. ஒரு வடிகால் வெட்டினால் ஒரே கோடையில் காய்ந்துவிடும், உண்ணிச்செடி ஏறிவிடும். அங்கே தன்னார்வலருக்கு வேலை கொஞ்சம்தான்: உண்ணிச்செடியை வேரோடு எடுப்பது, சுற்றுலா வந்தவர்கள் போட்ட பாட்டிலைப் பொறுக்குவது, வெட்டிய வடிகாலைக் கல்லும் மண்ணும் போட்டு அடைக்கத் தோட்டக்காரரைச் சம்மதிக்க வைப்பது. மூன்றாவதுதான் சிரமம். பல தடவை டீ குடித்துப் பேச வேண்டியிருக்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடி மக்களிடம் எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்று கேட்டுவிட்டுப் போனால் பேச்சு பலிக்கும்.

இந்த வேலைக்குச் சட்டத்தின் துணை எவ்வளவு? மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளைத் தங்கள் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டன. சேலத்து ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்குக் கட்டியவை. ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலத்தின் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது எல்லைக்கல்லைக் காக்கும், எல்லைக்குள் முளைக்கிற புல்லைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அதனால் இறங்குவதற்கு முன் ஏரி யார் கையில் இருக்கிறது என்று விசாரித்து, நீர்வளத் துறையோ மாநகராட்சியோ ஊராட்சியோ, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மீன்பாசி ஏலம் எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் வலை போட்ட இடத்தில் நாம் செடி இழுத்தால் சண்டைதான் வரும். சொல்லிவிட்டுப் போனால் பரிசலும் தருவார்.

ஊரார் கூடி ஏரியைப் பார்த்துக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. குடிமராமத்து என்று அதற்குப் பெயரே இருந்தது. அந்த வழக்கத்தை ஆங்கிலேய அரசு 1858ல் கட்டாய உழைப்புச் சட்டமாக ஆக்கியது. வராதவனுக்குத் தண்டம் என்று வந்தபின் அது சொந்த வேலை என்ற உணர்வு தேய்ந்துபோனது. 2017ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் கரையும் மதகும் வாய்க்காலும் சரியாயின. அந்தக் காலத்தில் ஏரி உள்வாயின் புல்லை அறுத்தவர்களும் மேய்த்தவர்களும் வண்டல் எடுத்தவர்களும் தெரிந்தோ தெரியாமலோ வருடாவருடம் ஏரியிலிருந்து சத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகள் நின்றுபோன இடத்தில்தான் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் நிற்கிறார்கள்.

எண்ணுவதும் வேலைதான், வயதானவர்களும் சேற்றில் இறங்க முடியாதவர்களும் நன்றாகச் செய்யக்கூடியது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015லிருந்து பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பார்த்ததை எல்லாம் எழுத வேண்டும். கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அப்படி எத்தனை பத்து என்று நகருங்கள். ஒரு தடவை எண்ணியதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே இடம், அதே வாரம், ஐந்தாறு வருடம் எண்ணினால்தான் நாம் அறுத்த பக்கத்துக்கு உள்ளான் கூடியதா, நீர் மட்டம் மாறியதால் வந்ததா என்று பேச முடியும்.

மிச்சம் இருப்பது நாள் பார்ப்பது. மழைக்கு முன் சம்பு. மழை நின்று ஏரி நிறைந்திருக்கும்போது ஆகாயத்தாமரை, காற்று அதை ஒரு மூலையில் ஒதுக்கித் தரும். தை, மாசியில் வலசைப் பறவைகள் இருக்கும்போது உள்வாயில் கூட்டமாக இறங்குவதில்லை, வாய்க்கால் பக்கம் குப்பை எடுப்போம். காலில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் புல்லுக்குள் யாரையும் விடுவதில்லை. கண்ணாடி விரியன் இருக்கும், அதைவிட அதிகமாக உடைந்த பாட்டில் இருக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குக் கரை வேலை மட்டும், எலிக்காய்ச்சல் பயம்.

பங்குனி பிறந்தால் ஆள்காட்டிப் பறவை முட்டையிடத் தொடங்கிவிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. தரையில் லேசாக ஒரு பள்ளம், ஓரத்தில் நாலு கூழாங்கல், நடுவே மண் நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு பெரும்பாலும் நான்கு முட்டை, கூர்முனைகள் உள்நோக்கி. பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறினால் தாய்ப்பறவை தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். ஏறக்குறைய நான்கு வாரம் இப்படி.

போன பங்குனியில் நெய்வேலி காட்டாமணக்குத் தோண்டப் போன இடத்தில் இரண்டு ஆள்காட்டி தலைக்குமேல் கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வந்தன. எல்லோரையும் நிற்கச் சொன்னோம். ஒரு பையன் பத்து நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்து, பறவை திரும்பி எங்கே உட்காருகிறது என்று காட்டினான். கடப்பாரை வைத்திருந்தவருக்கு நான்கடி தூரம். அந்த இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டால் நாய்க்கும் வழிப்போக்கருக்கும் அடையாளம் காட்டிக் கொடுத்ததாகிவிடும். அதனால் எதுவும் நடாமல், கரையில் இருந்த ஒரு பனையை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை ஆவணி வரை விட்டுவிடுவது என்று பேசி முடித்தோம். கூடை, கடப்பாரை எல்லாம் தூக்கிக்கொண்டு மறுகரைக்கு நடந்தோம்.